எடுக்காத பத்தொன்பது பேர்

சாவித்ரிக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. காலையில் கரமனையில் பஸ் ஏறி வந்து, ஆஸ்பத்திரியை விட்டுப் போன நோயாளிகளுக்குப் போன் செய்வாள். உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவாள். நோயாளிக்கு வருஷம் ஒரு போன்.

அன்று மூன்று மணிக்குக் கமிட்டி. ரத்தப் புற்றுநோய்க்கான ஒரு மாத்திரையை இலவசத் திட்டத்தில் சேர்ப்பதா, தள்ளுவதா என்று முடிவாகும். கம்பெனியின் சோதனை மூன்று வருஷத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் எத்தனை பேர் எவ்வளவு காலம் வாழ்வார்கள், என்ன செலவாகும் என்று கணக்கிட வந்தவன் அனந்த். பத்து வருஷம் முன்பு இதே ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கிய நாற்பது பேரில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று அவன் வரைந்த கோடு சரிந்து தரையை நெருங்கியது.

"இந்தப் பத்தொன்பது பேர்?" என்றாள் சாவித்ரி.

"மூணு வருஷமா போனே எடுக்கலை, மாமி. இறந்தவா கணக்கில வச்சேன்."

"அட மண்டா! செத்தவா ஆத்துல உடனே எடுப்பா கேட்டியா, எடுத்து அழுவா. குணமானவாதான் ஆஸ்பத்திரி நம்பரைக் கண்டாலே பேடிச்சுப் பயந்து ஓடுவா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது: இத்தனை வருஷமும் கூப்பிட்டது அந்த நம்பரிலிருந்துதான். மணி பன்னிரண்டேகால். கைப்பையிலிருந்து தன் சொந்த மொபைலை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் கல்லாற்றில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பேச்சி. இரண்டாவது மணியிலேயே குரல் வந்தது.

"யாரு பேசுதது? எத்தனை சாப்பாடு?"

"ஆஸ்பத்திரி சாவித்ரியாக்கும். வச்சுடாதே!"

"ஐயோ அக்கா! எனக்கு என்ன வந்திருக்கு?"

"ஒண்ணும் வரலை. நீ இருக்கியே, அது போரும். மாத்திரை திங்கறியா?"

"அதைத் திருநெல்வேலி டாக்டரு டெஸ்டு பாத்து நிப்பாட்டி நாலு வருசம் ஆச்சே."

அனந்த் துள்ளி எழுந்தான். ஆயுசு நீண்டால் மாத்திரைச் செலவும் கூடவே நீளும் என்றுதான் அவன் போட்டிருந்தான்; நிறுத்தியவர்களுக்கு அந்தச் செலவே கிடையாது.

"மாமி, எல்லார்கிட்டயும் மாத்திரையையும் கேளுங்கோ!"

சாவித்ரி டிபன் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. விதுரா போகும் பஸ்ஸிலிருந்து ஒருவர் கத்திப் பேசினார். ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அழைத்தார். ஒரு வீட்டில் மட்டும் ஆள் இறந்திருந்தார்; அவள் சொன்னது பொய்த்தது, அதையும் எழுதினாள். இரண்டே முக்காலுக்குப் பதினோரு பேர் உயிரோடு. அவர்களில் நால்வர் டாக்டர் சொல்லி மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். மீதி ஏழு பேரை 'தெரியாது' என்று வைத்து அனந்த் கோட்டைத் திரும்ப வரைந்தான். அது காகிதத்தின் விளிம்புவரை போயிற்று.

கமிட்டி ஒரு மணி நேரம் வாதாடியது. கடைசியில் தலைவர் சொன்னார்: இரண்டு வருஷத்துக்குச் சேர்ப்போம், வருஷாவருஷம் விசாரித்துக் கோட்டைச் சரிபார்ப்போம்.

"யார் விசாரிப்பார்கள்?" என்றார் ஒருவர்.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அங்கே சாவித்ரி மூச்சிரைக்க, காதில் போனோடு நின்றாள்.

"ஒரு நிமிஷம் சார். என் மிஸ்டு காலைப் பார்த்துத் திரும்பக் கூப்பிடறார். பன்னிரண்டாவது ஆளாக்கும்!"