கம்பவுண்டரும் ரெண்டு விநாடிச் சத்தமும்

பைக்கின் பெட்ரோல் டேங்கின் மேல் வலது காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி, ஒரு விரலை உயர்த்திவிட்டாரென்றால் சுற்றி நிற்கிறவர்கள் மூச்சு விடக் கூடாது. இடது கை சாவியைத் திருப்பும். டேங்குக்குள்ளிருந்து ‘ஊம்ம்’ என்று ஒரு சத்தம் எழுந்து இரண்டு விநாடியில் அடங்கும். விரல் இறங்கும். “கேட்டுச்சா?” என்பார். கேட்டது என்றால், “சரியா கேட்டுச்சா?” என்பார். அதற்கு நான் ஒரு நொடி யோசித்துவிட்டால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் அவர். மாடியில் வாடகைக்கு இருப்பவன் நான். ஆகவே, “எனக்கு வேலை இருக்கிறது” என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். தெருவுக்கு அவர் கம்பவுண்டர். “மருந்தாளுநர்னு சொல்லணும்” என்று ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தாராம். தெரு திருந்தவில்லை, அவர்தான் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

எதையும் மூன்று தரம் பார்ப்பார். “மருந்து மாறுச்சுன்னா மனுஷன் போயிடுவான் சார்” என்பார். கவுண்டரில் அது நியாயம்தான். ஆனால் வீட்டுப் பூட்டு அப்படி யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை. அதையும் பூட்டி, இழுத்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். இழுத்து இழுத்தே கொண்டி வளைந்துவிட்டது. “இவரோட வெளிய போறதுன்னா அரை மணி முன்னாடியே கிளம்பணும், திரும்பி வர்றதுக்கு” என்பது வீட்டுக்கார அம்மாவின் கணக்கு.

போன புதன்கிழமை சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழியில் நின்றுவிட்டதாம். பட்டனை அழுத்தினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டேங்குக்குள் வர வேண்டிய சத்தம் வரவில்லை. இது கார்புரேட்டர் வண்டி அல்ல. உள்ளே ஒரு பம்ப் பெட்ரோலை அழுத்தித் தள்ள, இன்ஜெக்டர் அதை இன்ஜினுக்குள் பீய்ச்ச வேண்டும். இன்ஜெக்டரை அவர் ‘ஊசி’ என்றுதான் சொல்வார். அவர் தொழில் அப்படி.

வேறு சமயமாக இருந்தால் இது வெறும் வேடிக்கை. ஆனால் திங்கட்கிழமை வீட்டுக்கார அம்மாவுக்கு வேலையில் முதல் நாள். பதினெட்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, துணி ஆலையில் தரம் பார்க்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக எழுதிப்போட்டு, நாற்பது பேரில் தேறியிருந்தார். ஆறே முக்காலுக்கு கேட் மூடிவிடும். முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். முதல் நாள் கேட்டுக்கு வெளியே நின்றால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். “நான் கொண்டுபோய் விடறேன்” என்று கம்பவுண்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கார அம்மாவின் தம்பி இரண்டு தெரு தள்ளி மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பிரச்சினையே அதுதான். பல வருடம் முன்பு, வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தபோது கம்பவுண்டரின் பழைய வண்டி கிளம்ப மறுத்திருக்கிறது. அரை மணி நேரம் உதைத்து உதைத்து அவர் ஓய்ந்தபின், மச்சினன் நிதானமாக வந்து மூடியிருந்த பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டு ஒரே உதையில் கிளப்பினாராம். விருந்தாளிகள் கை தட்டினார்களாம். அந்தக் கைதட்டல் இவர் காதில் இன்னும் ஓயவில்லை. “அவன் கையால இந்த வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா, நான் மாமனார் வீட்டு வாசல மிதிக்கவே முடியாது சார்” என்றார் என்னிடம்.

மூன்று நாள் லீவு போட்டார். வியாழக்கிழமை காலை வாசலில் பழைய போர்வையை விரித்து வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தார். கழற்றிய திருகாணிகளை ஆஸ்பத்திரி மருந்து உறைகளில் போட்டு டிக் அடித்து வைத்தார். சீட்டுத் திருகாணி ‘காலை’. பக்கத்து மூடித் திருகாணி ‘மதியம்’. டேங்க் போல்ட் ‘இரவு’. இரண்டு வாஷர்கள் மட்டும் ‘உணவுக்குப் பின்’ உறையில் இருந்தன. டேங்கை உட்காரவைத்த பிறகு போட வேண்டியவையாம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நேர்மையாகச் சொல்கிறேன், மனிதர் கெட்டிக்காரர். பதினொரு மணிக்குள் நோயைப் பிடித்துவிட்டார். டேங்குக்கு அடியில் பம்புக்குக் கரண்டு கொண்டுபோகும் கனெக்டர் பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினார். சாவியைத் திருப்பினார். ‘ஊம்ம்’. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அடுத்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தியிருப்பார்கள். கம்பவுண்டர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார்.

“ஒரு தடவ வந்தது தற்செயலா கூட இருக்கலாம் சார். உறுதி பண்ணிக்கணும்.”

நேரம், சத்தம், குறிப்பு என்று மூன்று கட்டம் போட்டார். சாவியைத் திருப்புவார், கேட்பார், எழுதுவார். இடையிடையே சாவியை அப்படியே விட்டுவிட்டு மீட்டரில் எரியும் மஞ்சள் விளக்கையும் நீல விளக்கையும் கால் மணி நேரம் உற்றுப் பார்ப்பார். அன்று இருட்டும் வரை ‘சத்தம் நன்று’ என்று ஒரு பக்கம் நிறைந்தது. வெள்ளிக்கிழமை காலை ‘நடுத்தரம்’ என்று மாறியது. மதியம் ‘மெலிவு’.

“நாடி குறையுது சார்” என்றார் கவலையாக.

அதற்குப் பிறகு வைத்தியம் தடபுடலானது. ஊசியைக் கழற்றி, சிரிஞ்சால் மருந்து பீய்ச்சிக் கழுவினார். பம்பை வெளியே எடுத்து உள்ளே வைத்தார். செல்போனில், புரியாத பாஷையில் யாரோ ஒருவர் வண்டி பிரிக்கும் வீடியோவைப் பார்த்துத் தலையாட்டினார். சனிக்கிழமைதான் முதன்முதலாக ஸ்டார்ட் பட்டனைத் தொட்டார். இன்ஜின் இரண்டு முனகு முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. பெட்ரோல் பங்க்கில் கலப்படம் என்றார். வண்டி கழுவியவன் தண்ணீர் அடித்துக் கெடுத்துவிட்டான் என்றார். சென்சார் போயிருக்கும் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் டார்ச் மட்டும் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மா புது ஷூ கடிக்காமலிருக்கக் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து பழகிக்கொண்டிருந்தார். ஒரு நடையில் வண்டி அருகே நின்றார்.

“என்னங்க, ஒரே வார்த்தை. நாளைக்கு ஓடுமா, ஓடாதா?”

“தொண்ணூறு சதவீதம் ஓடும்.”

“மிச்சப் பத்து சதவீதத்த நான் நடந்தே போயிடவா?”

குரலை உயர்த்தவில்லை. மறுபடி நடக்கப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது. கம்பவுண்டர் வாஷரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. மச்சினன். அக்காதான் போன் செய்திருக்கிறார். கம்பவுண்டர் முகம் சுருங்கிப்போனது.

“அக்கா, ஏறு. நான் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்” என்றார் தம்பி.

அம்மா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, “இருடா. இவரு கொண்டுபோறேன்னு சொல்லியிருக்காரு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த அம்மாவின் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது.

மச்சினன் வண்டியைத் தொடவில்லை. சீட்டின் மேல் கிடந்த நோட்டை எடுத்து, பேப்பர் படிப்பதுபோல் நின்றுகொண்டு படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

“மாமா, வியாழக்கிழமை பதினோரு மணிக்கே சத்தம் நல்லா வந்திருக்கே. அப்பவே ஏன் ஸ்டார்ட் பண்ணல?”

“உறுதி பண்ணிக்கலாம்னுதான் மாப்ள.”

“எத்தனை தடவ உறுதி பண்ணீங்க?”

கம்பவுண்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். வரிசை எண் போட்டுத்தான் எழுதியிருந்தார். கடைசி எண் நூற்று அறுபத்திரண்டு.

“சாவிய திருப்பித் திருப்பி, லைட்ட எரிய விட்டு, பேட்டரிய காலி பண்ணிட்டீங்க மாமா. அது செத்தா பம்பும் ஓடாது, ஊசியும் போடாது. வண்டி வியாழக்கிழமையே சரியாயிடுச்சு.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. நான் சிரிப்பை அடக்க மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கம்பவுண்டர் முகத்தில் வெட்கத்துக்குப் பதில் வேறு எதுவோ மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

“அப்போ... நான்தான் சரி பண்ணேனா?”

“நீங்கதான் சரி பண்ணீங்க. நீங்கதான் கெடுத்தீங்க. நடுவுல யாருமே இல்ல மாமா.”

முதல் வாக்கியத்தோடு கம்பவுண்டரின் காது அடைத்துக்கொண்டது. “கேட்டீங்களா சார்? கனெக்டர்தான்! நான் சொன்னேன்ல?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் உலுக்கி முடிப்பதற்குள் மச்சினன் தன் வண்டி பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து இந்த வண்டி பேட்டரியில் மாட்டிவிட்டார். கம்பவுண்டரே பட்டனை அழுத்தினார். ஒரு இருமல், இரண்டு இருமல், அப்புறம் இன்ஜின் பிடித்துக்கொண்டு கணீரென்று ஓடியது. யாரும் கை தட்டவில்லை. மணி ஆறு இருபது.

மச்சினன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே எச்சரித்தார்: “மாமா, நல்லா கேட்டுக்கங்க. நிறுத்தினா மறுபடி எடுக்காது. அங்க போய்ச் சேர்ற வரைக்கும் சாவியில கை வைக்காதீங்க.”

“தெரியும் மாப்ள” என்றார் கம்பவுண்டர், பெரிய மெக்கானிக் தோரணையில். ஏறி உட்கார்ந்தார். அம்மா பின்னால் ஏறிச் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி நகரப்போகிறது என்று நாங்கள் வழிவிட்டு நின்றோம். நகரவில்லை. கம்பவுண்டரின் தலை டேங்கை நோக்கி லேசாகச் சாய்ந்தது. கண்கள் பாதி மூடின. “ஒரே ஒரு தடவ...” என்று உதடு முணுமுணுக்க, இடது கை கைப்பிடியை விட்டுச் சாவிப் பக்கம் ஊர்ந்தது.

அம்மா அவர் தோளில் மோவாய் இடிக்கும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, கையை நீட்டி, அந்த இடது கையை எட்டிப் பிடித்தார். பிடித்துக் கொண்டுவந்து கைப்பிடியின் மேல் வைத்தார். வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். வண்டி புறப்பட்டுத் தெருமுனை திரும்பும் வரை எடுக்கவே இல்லை.