மலாயாத் தம்பிக்குத் துடக்கு

போன மாதம் எனக்குப் பக்கத்து வளவில் ஒரு மலாயாக்காரன் வந்து இறங்கினான். இரண்டு சூட்கேஸ், ஒரு கமரா, ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். பெயர் மகேந்திரன். வயது இருபத்தாறு. பிறந்தது, படித்தது, உத்தியோகம் பார்ப்பது எல்லாம் சிரம்பானில். தகப்பன் அந்தக் காலத்தில் றெயில்வே கிளாக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறியவர்.

எதற்கு வந்தான்? பெண் பார்க்கவா? காணி விற்கவா? இந்த இரண்டையும் தவிர வேறு காரியத்துக்கு மலாயாவிலிருந்து ஒருவர் வந்ததாக எங்கள் வட்டக்கச்சியில் யாருக்கும் ஞாபகமில்லை.

"நான் ஆர் எண்டு அறிய வந்தனான், அங்கிள்," என்றான்.

பாஸ்போட்டில் எழுதியிருக்குமே என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

பாவம், வந்த இடம்தான் கொஞ்சம் பிசகு. பக்கத்து வீட்டுக்காரி அவனுடைய மாமி – தகப்பனின் தங்கை. மாமியும் என்னைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குடியேறியவர்தான். வந்து பத்து வருடம். வீடோ அரசாங்கம் கட்டிக்கொடுத்த கொலனி வீடு. அதன் முன்னால் நின்று, 'பூர்வீக வீடு' என்று அரை றோல் படம் எடுத்தான். பிறகு கோயிலுக்குப் போனான். கைகூப்பினான். "எத்தினை நூற்றாண்டு பழசு, மாமி?" என்று கேட்டான்.

"வாய்க்கால் வெட்டின வருசம் கட்டினது, மோனை. அதுக்கு முந்தி இதிலை கரடிதான் நிண்டது."

நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதினானோ தெரியாது... கன நேரம் எழுதினான்.

வேட்டிக்கு மேலே தோல் பெல்ட் கட்டினான். பழஞ்சோறு கேட்டான். அவனுக்கென்று கிளிநொச்சி பேக்கரியிலிருந்து எடுப்பித்த பாணை மாமியின் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். கடைசியில், வருகிற திருவிழாவுக்குக் காவடி எடுக்கப் போகிறேன் என்றான்.

"சிரம்பானிலை காவடி இல்லையோ தம்பி?" என்று கேட்டேன்.

"தைப்பூசத்துக்கு எக்கச்சக்கம் இருக்கு, அங்கிள். அப்பா விடேல்லை. அது றப்பர்த் தோட்டத்து ஆக்கள் எடுக்கிறது, நாங்கள் றோட்டிலை நிண்டு பாக்கிறது எண்டு சொல்லிப்போட்டார்."

உத்தியோகக்காரர் வீட்டுப் பிள்ளைகள் முருகனைக்கூடத் தள்ளி நின்றுதான் கும்பிட வேண்டும் போலிருக்கிறது. கடல் தாண்டிப் போகும்போது எங்கள் ஆட்கள் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்!

காவடி என்றதும் மாமியின் கணவர் கந்தவனத்தாருக்குச் சந்தோஷப் புளுகம் தலைக்கேறியது. கோயில் மனேச்சர் அவர்தான். நோட்டீஸ் அடித்தாயிற்று. 'மலாயா திரு. மகேந்திரன் அவர்களின் ஆட்டக் காவடி' என்று நடுவில் பெரிய எழுத்து; சாமியின் பெயர் அதற்குக் கீழே. மகேந்திரன் காலையில் வாய்க்கால் கரையில் ஆடிப் பழகினான். மண்ணெண்ணெய்த் தகரம்தான் மேளம். சிரித்துக்கொண்டுதான் பார்க்கப் போனேன். மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை. அவன் விளையாடவில்லை.

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்க, அக்கராயனில் ஒரு கிழவர் கண்ணை மூடினார். மகேந்திரனின் தகப்பனுக்குச் சொந்தச் சித்தப்பா. வயது தொண்ணூறு. மகேந்திரன் ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தான். நீ ஆற்றை மோன் என்று கிழவர் இரண்டு தரம் கேட்டாராம். மூன்றாம் தரம் கேட்பதற்குள் நித்திரையாகிவிட்டாராம்.

சாவு விழுந்தால் இரத்த உரித்துக்காரருக்குத் துடக்கு, தீட்டு. முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. மகேந்திரனுக்கோ திருவிழா முடிந்து ஒரு கிழமையில் கொழும்பில் கப்பல். லீவும் முடிகிறது. இந்த முறை விட்டால் எப்போது?

கந்தவனத்தாருக்கு அந்தப் பக்கத்து உரித்து இல்லை. மனைவி வழிச் சொந்தம்தான். ஆகையால் அவருக்கு மூளை நன்றாக வேலை செய்தது.

"தம்பி, யோசியும். நீர் அங்கை பிறந்தனீர். கிழவர் உம்மை மட்டுக்கட்டவுமில்லை. கப்பலிலை வந்தவருக்குத் துடக்கு ஒட்டாது. நான் வெளியாள்தான் எண்டு ஒரு வார்த்தை சொல்லும், காணும். காவடி ரெடி."

குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. "சொல்லிப்போட்டு இந்தக் குசினிக்குள்ளை கால் வைக்கட்டும், பாப்பம். என்ரை அண்ணற்றை பிள்ளை வெளியாளோ?"

ஐயரைக் கூப்பிட்டார்கள். ஐயர் கெட்டிக்காரர். "உரித்து இருந்தால் துடக்கு. உரித்து இல்லையெண்டால் இல்லை. அதைத் தம்பிதான் சொல்லவேணும்," என்று பாரத்தை இறக்கிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார்.

எல்லோரும் மகேந்திரனைப் பார்த்தோம். அவன் சுவரோடு சாத்தியிருந்த காவடியைப் பார்த்தான். மயிலிறகெல்லாம் அவனே தேடிக் கட்டியது.

"எனக்குத் துடக்கு, மாமா," என்றான்.

கந்தவனத்தார் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார். குசினிக்குள் மாமி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

அன்று பின்னேரம் அக்கராயனில், காவடிக்குப் பழக்கிய தோளை அவன் பாடைக்குக் கொடுத்தான். தோள் மாற்றத் தெரியவில்லை. பாடை ஒரு பக்கம் சரிந்தது. "டேய் மலாயா, தாழ்த்தாதையடா," என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். வந்த நாள் முதல் ஊராரிடம் 'நீர்', 'தம்பி' என்றே கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு முதல் 'டேய்'. முகத்தைப் பார்த்தேன். சாவீட்டில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. கிழவரின் பெண்மக்கள் பார்க்காதது நல்ல காலம்.

அடுத்த நாளிலிருந்து தேத்தண்ணிக் கடை, சங்கக் கடை, பஸ் நிலையம்... எங்கே போனாலும், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும், "எங்களுக்குத் துடக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். மற்றவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்வதை இவன் சோதினை பாஸ் பண்ணியவன் மாதிரிச் சொன்னான்.

திருவிழா அன்று காவடியை ஒரு பஸ் கொண்டக்டர் எடுத்தார். நன்றாகவே ஆடினார். நான் கோயிலால் வந்தபோது மகேந்திரன் மாமி வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு, மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக இருந்தான். கண் சிவந்திருந்தது.

"கவலையோ?" என்றேன்.

"ஓம், அங்கிள். ஆசைப்பட்டுப் பழகினனான்." பிறகு கேட்டான்: "உங்களுக்கு இப்பிடி எத்தினை துடக்கு வந்திருக்கும்? இங்கத்தை ஆள்தானே... கணக்கில்லாமல் வந்திருக்கும், என்ன?"

குரலில் சுத்தமான பொறாமை.

"ஓம், கணக்கில்லை," என்றேன்.

பொய். யாழ்ப்பாணத்திலிருந்து நான் கடல் தாண்டிப் போகவில்லை. ஆனையிறவைத் தாண்டி வந்ததோடு சரி. தை மாதம் அங்கே என் சொந்தச் சித்தப்பா காலமானார். சொல்லியனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. எட்டு நாள் கழித்து, கடையில் சீனி சுற்றித் தந்த பேப்பரில் மரண அறிவித்தல் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

அந்த எட்டு நாளும் நான் ஒருநாள் தவறாமல் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். மறிக்க ஒருவரும் இல்லை.