ஏழாம் தூணின் சென்சார்

பாலத்துத் தூண்களுக்குள் கான்கிரீட்டோடு சேர்த்துப் புதைத்த பன்னிரண்டு சென்சார்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் உத்தியோகம். உள்ளே கம்பி துருப்பிடித்தால் திரை சிவக்கும். ஒன்பது வருடமாக எல்லாம் பச்சை. அதனால் அலுவலகத்தில் அவருக்குப் 'பச்சைக்காரர்' என்றே பேர். சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று அதற்கு அர்த்தம்.

போன மாதம் ஏழாம் தூண் சிவந்தது. அவர் மனைவி வேலைக்குப் போகும் பஸ் தினம் இருமுறை அந்தப் பாலத்தின் மேல்தான் போகிறது. அடித்துப் பிடித்துக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினார்.

"பாலத்துக்கு என்னய்யா கேடு? சென்சார் கெட்டிருக்கும். அதை எடுத்து சோதனைக்கு அனுப்பு."

பாலம் கெட்டால் மேலதிகாரி பதில் சொல்ல வேண்டும். சென்சார் கெட்டால் கடிதம் எழுதினால் போதும்.

எடுப்பதாம்! அது என்ன சட்டைப் பையிலா இருக்கிறது? டிரில்காரர் இரண்டு நாள் தூணைக் குடைந்தார். உள்ளே கம்பி தொட்டதும் உதிர்ந்தது.

"சார், கம்பியைப் பாருங்க!" பச்சைக்காரர் கத்தியே விட்டார்.

"உத்தரவுல கம்பியைப் பத்தி ஒண்ணும் இல்லையே," என்றார் பார்வையிட வந்திருந்த மேலதிகாரி.

ஓட்டையைப் பூசி வெள்ளையும் அடித்தாயிற்று. சோதனை முடிவு வந்தது: சென்சாரில் பழுதில்லை, காட்டிய அளவு சரியே. மேலதிகாரி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார்.

அன்று மாலை பச்சைக்காரர் மனைவியிடம், "நாளையிலேருந்து சுத்து வழியா போம்மா," என்று சொல்லி, காரணத்தையும் சொன்னார்.

"நான் ஒருத்தி தப்பிச்சா போதுமா? பஸ்ஸில இருக்கிற மத்தவங்க? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

அவருக்குச் சுருக்கென்றது. வெட்கமாகத்தான் இருந்தது.

விடிந்ததும் அவரும் டிரில்காரரும் ஆளுக்கொரு முனையில் தடுப்பை இழுத்துப் போட்டுப் பாலத்தை மூடிவிட்டார்கள். வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். சற்று நேரத்தில் மேலதிகாரியின் ஃபோன் வந்தது.

"யார் உத்தரவுல மூடினே? வேலை போயிடும், தெரியுமா?"

பச்சைக்காரர் தடுப்பின் மேல் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்:

"சென்சார் சொல்றது சரின்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க? பாலத்துல வண்டி போகலாம்னும் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இப்பவே திறந்துடறேன்."

இன்று வரை அந்த வரி வரவில்லை.