மூன்றாம் ஓலை

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயில் முதலில் மண்சுவரும் கீற்றுக்கூரையுமாக இருந்தது. ஓடு போட்டது புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தில். கோயில் மணிக்குப் பதிலாக வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். சபையில் முப்பது குடும்பம், எல்லோருக்கும் கோரைப்பாய்தான். ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் பாதிரியார் மாதம் ஒரு தடவை புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரே ஆராதனை நடத்துவார். அவர் தனிக்கட்டை, கோயில் வளாகத்திலேயே குடியிருந்தார்.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். முழங்கால் வலி என்று சொல்லி, வீட்டிலிருந்து ஒரு பெஞ்சைக் கொண்டுபோய்க் கோயிலில் போட்டு அதில் உட்கார ஆரம்பித்தார். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"சபையில எல்லாரும் தரையில இருக்கப்ப ஒனக்கு மட்டும் என்ன ஒசரம்?" என்று கேட்டார்.

அப்பாவும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அதுவரை ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்ட குடும்பம் இரண்டானது. பெரியப்பா கண்மாய்க்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். ஏழு வருஷம் இருவரும் பேசவில்லை. ஒரு பெஞ்சுக்காக இவ்வளவா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டு ஆண்களைப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர், கொஞ்ச நாள் லீவில் வந்திருந்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பது அது. பெயர்தான் ஓலை, வாசிப்பது காகிதத்தில். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் எங்கள் சபையில் கல்யாணம் நடக்காது. மூன்றாம் ஓலை தவறினால் தை மாதம்தான். அதற்குள் லீவு முடிந்து அவர் வடக்கே போய்விடுவார்.

மூன்றாம் ஞாயிறு அடைமழை. கண்மாய் நிறைந்து, பாதையில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. சபையார் வீடுகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். உபதேசியார் தண்டவாளத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். அப்பா, அம்மா, நான் தவிர ஒருவரும் வரவில்லை.

"வாசிச்சிருங்க," என்றார் அப்பா.

"அது முடியாதுங்க. பொண்ணு வீட்டுக்கே வாசிச்சா அது ஓலையில்ல. வேற அடுப்புல சாப்புடற ஒரு ஆளாச்சும் கேக்கணும். அதான நம்ம சபை வழக்கம்."

மாப்பிள்ளையை ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். ஆனாலும் எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

அப்போது வாசலில் பெரியப்பா வந்து நின்றார், தலைமுதல் கால்வரை நனைந்து. தடை சொல்லத்தான் இந்த வெள்ளத்தில் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூரை ஒழுகிப் பாயெல்லாம் ஈரம். காய்ந்து கிடந்தது அந்தப் பெஞ்சு மட்டும்தான். அப்பா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பெரியப்பா உட்காரவில்லை, சுவரோரமாக நின்றார்.

உபதேசியார் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"மழைச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. நல்லாச் சத்தமா வாசிங்க."

உபதேசியார் மறுபடி வாசித்தார்.

"இப்பக் கேட்டுச்சு. தடையில்ல. எழுதிக்கங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா முழங்காலைப் பிடித்தபடி எழுந்து, அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். கடைசி ஜெபம் முடியும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். வெளியே வந்ததும் அப்பாதான் முதலில் பேசினார்.

"நனைஞ்சு வந்திருக்கீங்க. வீட்டுல சாப்புட்டுப் போங்கண்ணே."

பெரியப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "இன்னைக்கு ஒன் அடுப்புல சாப்புட்டா ஓலை செல்லாதுடா. கல்யாணத்தன்னைக்கு வாரேன்."