துடைத்துப் பார்த்தது 8.47

வெப்பமானியின் குமிழ் நனைந்திருந்தால், துடைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் அளவைப் பார்க்க வேண்டும். இது விதி. காலை எட்டரை மணிக்குப் பார்க்க வேண்டும் என்பதும் விதி; அது புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நனைந்த குமிழைப் பற்றிய வரி பின்னால் எங்கோ கிடந்தது. நான் தலைமை எழுத்தர் ஆவதற்கு முதல் பக்கமே போதுமானதாக இருந்தது.

இப்போது என் மேசைமேல் மதினியின் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. பச்சை அட்டை, ஈரம் பட்டு உப்பிய தாள்கள். அதில் ஓர் ஆனி மாதத்து வரி: “சாரல். துடைத்துப் பார்த்தது 8.47.”

மதினி என் அண்ணனின் மனைவி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருந்த வேளாண் பண்ணையில் வெப்பநிலை பதிபவர் மதினி. அங்கேயே நான் தலைமை எழுத்தர். வயலோரம் உயரமான கால்களில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் வெப்பமானி. காற்று புக வேண்டும் என்று பக்கமெல்லாம் இடைவெளி விட்டுச் சாய்சட்டம் அடித்திருந்தார்கள். காற்று புகுந்த வழியில் சாரலும் புகுந்தது. பெட்டியை வடிவமைத்தவர் ஐந்தருவிப் பக்கம் வந்திருக்க மாட்டார். நனைந்த குமிழ் காற்றைவிடக் குளிராகக் காட்டும். அதனால் மதினி இடுப்பில் செருகிய மல் துணியால் குமிழைத் துடைத்து, குடைக்குள் நின்று காத்திருந்து, பார்த்த நேரத்தையே எழுதுவார்.

மாத அறிக்கையை நகலெடுத்து மேலிடத்துக்கு அனுப்புவது என் வேலை. 8.30 இருக்க வேண்டிய கட்டத்தில் 8.47, 8.51 என்று கண்டால் எனக்கு உடம்பு எரியும். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தேன். சொந்த மதினிக்கே மெமோ கொடுத்த நேர்மையாளன் என்று உள்ளூரப் பெருமை வேறு. சாரலின் குளிர் வேண்டுமென்றால் எட்டரைக்கே தரலாம், காற்றின் வெப்பம் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. திருப்தி இல்லை என்று குறிப்பு எழுதி, பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏற வழிசெய்தேன். அதோடு விட்டேனா? அறிக்கையில் எல்லா நேரத்தையும் 8.30 என்று மாற்றி அனுப்பினேன். அன்றுமுதல் அதுவே வழக்கமானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் இலஞ்சி வீட்டில் காலைப் பலகாரம். என் இலையில் விழுந்த இட்லி நடுவில் மாவாக இருந்தது. வேகவில்லையே என்றேன்.

“மணி எட்டரை ஆயிட்டுல்லா, கொழுந்தனாரே. வெந்துச்சா வேகலையான்னு விதியில கேக்கலல்லா. சாப்பிடுங்க.”

அண்ணனுக்குச் சிரித்துப் புரையேறியது. நான் சாப்பிட்டேன்.

பல வருடம் கழித்து, பழைய ஏடுகளை எரிக்க உத்தரவு வந்தது. எரித்தேன் என்று நான் சான்று எழுத வேண்டும். அலுவலகத்தில் என்னை ‘சார்’ என்று மட்டுமே கூப்பிடும் மதினி, தன் குறிப்பேடுகளை அணைத்தபடி மேசை முன் வந்து நின்றார். “சார், எரிக்கதுன்னா உங்க அறிக்கைய எரிங்க. நான் நனைஞ்சது இதுல இருக்கு.”

குறிப்பேடுகள் மதினியின் இரும்புப் பெட்டிக்குப் போயின. எரித்ததாகக் கையெழுத்திட்டேன். பணிக்காலத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த 8.30களை நான் பொய்யில் சேர்க்கவில்லை.

சென்ற ஆண்டு ஓர் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். மலையடிவாரத்தின் பழைய காற்று வெப்பநிலையைத் தொகுக்கிறார்களாம். எங்கள் பண்ணை அறிக்கைகள் அவருக்குக் கிடைத்திருந்தன. வெயிலிலும் சாரலிலும் ஒரே நிமிடத்தில் யார் பார்த்திருக்க முடியும், உட்கார்ந்த இடத்தில் எழுதியது போலிருக்கிறது, உங்கள் பண்ணையை விட்டுவிடப் போகிறோம் என்றார். மதினி அவருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். இரும்புப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் போனபிறகு ஏன் என்று கேட்டேன்.

“சொன்னா நீங்க எழுதுன சான்று பொய்யுன்னு ஆயிரும்லா. உங்க பென்சனுக்கு என்னமும் வந்துரக் கூடாது. நான் அங்கன நின்னது எனக்குத் தெரியும். போதும்.”

எனக்குப் போதவில்லை. மறுநாளே குறிப்பேடுகளைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முகப்புக் கடிதத்தில் மூன்று பத்தி: நேரத்தை மாற்றியவன் நான், எரித்ததாகப் பொய்ச் சான்று எழுதியவனும் நான், அளவு பார்த்தவர் மேல் பிழை ஏதும் இல்லை. நான் எழுதிய கடிதங்களில் விதிப்புத்தகத்தைத் திறக்காமல் எழுதியது அது ஒன்றுதான். அப்புறம் முறைப்படி நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று.

குறிப்பேடுகளோடு பதில் திரும்பி வந்தது. பண்ணை தொகுப்பில் இருக்கும். மதினியின் குறிப்பேடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். துடைத்துப் பார்த்த நேரத்தை எழுதியிருப்பதால்தான் நம்புகிறார்களாம். என் அறிக்கைகள் முழுவதும் தள்ளுபடி. என் கையெழுத்து செல்லாமல் போனதற்குப் பட்ட பெருமையை வேறு எதற்கும் நான் பட்டதில்லை.

மதினி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பச்சை அட்டை ஏட்டைப் பிரித்து, நான் உறையை எத்தனை மணிக்குப் பிரித்தேன் என்று கேட்டார். தபால் வந்தது பதினொன்றுக்கு. உறை நனைந்திருந்தது, துடைத்துக் காயவைத்துப் பிரிக்க இருபது நிமிடம் ஆயிற்று என்று உள்ளதைச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் காலியாக இருந்த வரியில் எழுதினார்:

“சாரல். துடைத்துப் பிரித்தது 11.20. ஆனி 29, திங்கள்.”