போத்தலில் வந்த கொக்கோ

மகன் கத்தாரிலிருந்து அனுப்பிய மருந்துக் குளிசைப் போத்தலில் கொக்கோக் காய் படம் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலமெல்லாம் கொக்கோ மரத்தடியில் கிடந்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கே கடல் தாண்டிக் கொக்கோவா!

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. தோட்டத்து வேலையிலிருந்து நின்ற சில வருடங்களில் அவருக்கு ஞாபகம் கழன்று போனது. இரவில் தூக்கமில்லை, பகலில் எதிலும் பிடிப்பில்லை. சட்டையை மாட்டச் சொன்னால் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். என்னைப் "புள்ள" என்று கூப்பிட மறந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு நான் புள்ளதான். ஒரே ஒருமுறை அப்படிக் கூப்பிட மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

போத்தலை டாக்டரிடம் காட்ட எடுத்துக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினேன். சண்டை நடந்த காலம். சோதனைச் சாவடியில் இறக்கி, போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். டாக்டர் நிதானமாக வாசித்தார். கொக்கோ விதையிலிருந்து எடுத்த ஃபிளேவனாய்டு என்ற சத்தாம். ஞாபகத்துக்கும் சுறுசுறுப்புக்கும் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், தூக்கத்துக்கு உதவுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, கொடுத்துப் பாருங்கள் என்றார். கடைசியில், "போனத இது திருப்பிக் கொண்டு வராதும்மா" என்றார்.

எனக்கு எங்கே காதில் ஏறியது? போத்தல் முடியும்வரை கொடுத்தேன். சில காலைகளில் அவராகவே முகம் கழுவினார். அது குளிசையின் வேலையோ, என் நப்பாசையோ, யார் கண்டது. தூக்கம் மட்டும் வரவில்லை. அடைத்து விற்பதே இவ்வளவு செய்தால் பழமாகவே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பழைய தோட்டத்தில் ஒரு பழம் கேட்டு வாங்கிவந்து உடைத்து, வெள்ளைச் சதையைச் சப்பக் கொடுத்தேன். சத்து விதையில் என்று டாக்டர் சொன்னது புத்தியில் இல்லை. நாங்கள் எந்தக் காலத்தில் விதையைத் தின்றோம்?

இளவயதில், பழம் உடைக்கிற இடத்தில் அந்தச் சதையைச் சப்பக் கூடாது என்பது தோட்டத்து உத்தரவு. சதை போனால் விதை சரியாகப் புளிக்காது. நான் திருட்டுத்தனமாகச் சப்புவேன். வெறும் விதையைத் துப்பினால் கங்காணி கண்டுபிடித்துவிடுவார் என்று, இவர் கை நீட்டி வாங்கித் தன் இடுப்புச் சாரத்து மடிப்பில் ஒளித்துக்கொள்வார். எங்கள் காதல் அவ்வளவுதான்.

அன்று நானும் ஒன்றைச் சப்பினேன். அவர் என் முன்னால் கையை நீட்டினார். விதையை அந்தக் கையில் வைத்தேன். சாரத்தில் செருகிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்தப் பக்கம் ஒரு புள்ள சப்பிக்கிட்டு இருக்கும். வெதையக் கீழ துப்ப வேணாம், நான் வர்றேன்னு சொல்லுங்கம்மா."

"சொல்றேங்க" என்றேன்.

அவர் நிம்மதியாகச் சாய்ந்து தூங்கிப்போனார். அந்தப் புள்ளையின் மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்ல.