உயிரோடு கேட்ட ஒப்பாரி

தேயிலை பெக்டரியில் நான் எலக்ட்ரீசியன். கொழுந்து வாட்டும் விசிறிகளோடும் ரோலர் மோட்டர்களோடும் மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போனது. நடிகன் ஆனது ஐம்பதைத் தாண்டிய பிறகு. ஆசைப்பட்டெல்லாம் ஆகவில்லை. ஹட்டனில் நாடகம் போட்ட பிள்ளைகளுக்கு விளக்கு மாட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். அப்பா வேடம் போடுகிறவருக்குக் காய்ச்சல். ஏணிமேல் நின்று ஒத்திகை முழுவதையும் கேட்டிருந்ததால் எனக்கு வசனம் மனப்பாடம். என்னை ஏற்றிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. "இந்த வயசுல கூத்தாடப் போறாராம்" என்று பெக்டரியில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, எனக்கென்ன!

அதற்குப் பிறகு ஒரு குறும்படம். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் எடுத்தார். எனக்குக் குடிகார அப்பா வேடம். மகளை அடிக்கிற காட்சியில், கை ஓங்குவதற்கு முன்னால் தோளிலிருந்த துண்டை எடுத்து, நிதானமாக நாலாக மடித்து, பெஞ்சில் வைத்தேன். டீச்சர் அசந்துபோனார். "அண்ணே, இது எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டார். தானாக வந்தது என்று சொல்லிவிட்டேன்.

எங்கிருந்து வரும்? எங்கள் அப்பாவிடமிருந்துதான். கசிப்பு குடித்துவிட்டு வருகிற நாட்களில் அவர் முதலில் துண்டைத்தான் மடிப்பார். மடித்து முடிப்பதற்குள் அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடி, தேயிலைச் செடிகளுக்குள் உட்கார்ந்துகொள்வாள். அட்டை கடித்தாலும் மூச்சு விடமாட்டோம். அந்தத் துண்டைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இப்போது இரண்டே பேர், அவளும் நானும்.

அக்கா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறாள். படத்தை யாரோ ஃபோனில் காட்டியிருக்கிறார்கள். எனக்கு கோல் எடுத்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தத் துண்டு மடிக்கிறத யாருகிட்ட கேட்டுடா எடுத்த?" நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். எனக்கும் கோபம்தான். அவர் எனக்கும் அப்பாதானே, அவளுக்கு மட்டுமா? ஆனால் அக்கா பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். திருவிழாவில் எதிரே வந்தவள், வேலியைத் தாண்டிப் போவதுபோல் என்னைத் தாண்டிப் போனாள். என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு இருந்தது வெறும் வலி.

அந்த நிலையில்தான் டீச்சரின் அடுத்த படம் வந்தது. இந்த முறை நான் பிணம். எங்கள் லயத்து வீட்டு வாசலிலேயே சாவு வீடு போடுவதாக ஏற்பாடு. என் மனைவி குதித்தாள். "ஐயையோ, கழுத்துல தாலியோட நான் நிக்கிறேன், நீங்க பொணமா படுப்பீங்களாக்கும்!" கடைசியில், நெற்றியில் காசு மட்டும் வைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையோடு விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். காசுக்குப் பதிலாக என் டூல் பெட்டியிலிருந்து ஒரு பித்தளை வாஷரை எடுத்துக் கொடுத்தேன். தப்பு மேளம் அடிக்கிறவர்களும் லேசில் சம்மதிக்கவில்லை. உயிரோடிருக்கிற ஆளுக்குச் சாவு அடி அடிப்பதா என்று தயங்கி, முதலில் பூசணிக்காய் சுற்றி உடைக்க வைத்த பிறகுதான் தப்பைக் காய்ச்சினார்கள்.

எங்கள் தோட்டங்களில் அந்த அடி கேட்டால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். யார் வீட்டில் என்று விசாரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார்கள். எங்கள் லயத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். மேல் ரோட்டில் போன ஆட்டோக்காரனுக்கு யார் சொல்வது? அவன் டிக்கோயாக்காரன், அக்காவையும் என்னையும் தெரிந்தவன். எட்டிப் பார்த்திருக்கிறான். தாடையைக் கட்டி, மாலை போட்டு, என்னைக் கிடத்தியிருக்கிறார்கள். நேராகப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டான்.

எனக்கு ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன். கோணம் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். லயத்துப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு அழுகிறார்கள். அப்போது வாசலில் ஒரு குரல் எழுந்தது. பெண்கள் விலகி வழிவிட்டது தெரிந்தது. அக்காவும் தம்பியும் ராசியாகிவிட்டார்கள், இவளும் நடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்களாம்.

அவள் என் நெஞ்சில் விழுந்தாள்.

"தேயிலைக்குள்ள ஒளிச்சு வெச்சேனே, என் தங்கமே! அப்பனுக்குத் தெரியாம ஒன்ன ஒளிச்சு வெச்சேனே! எமனுக்குத் தெரியாம எங்கடா ஒளிச்சு வெப்பேன்? பேசாம இருந்தேனே, படுபாவி நான், பேசாம இருந்தேனே!"

என்னால் முடியவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எழுந்து உட்கார்ந்து, தாடைக்கட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, "அக்கா, நான் சாகலக்கா" என்றேன். அவள் அலறிப் பின்னால் சாய்ந்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் என் மார்பில் அடித்தாள். அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். நான் தடுக்கவில்லை.

டீச்சர் அழுதுகொண்டே பக்கத்தில் வந்தார். "அம்மா, மன்னிச்சிருங்க. எல்லாம் பதிவாகிருச்சு. நீங்க சம்மதிச்சா வெச்சுக்கிறேன்" என்றார். அக்கா என்னைத்தான் பார்த்தாள்.

"துண்ட எடுத்துக்கிட்ட. இதையும் எடுத்துக்குவியா?"

இப்படியொரு அழுகை எந்த மேடையிலும் கிடைக்காது. நடிகனாக எனக்கு அது தெரியும். "அழிச்சிருங்க டீச்சர்" என்றேன். அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் அழித்தார்.

பெண்கள் தேத்தண்ணி கொடுத்தார்கள். அக்கா குடிக்கவில்லை. அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டாள். என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கீழே போட்டாள். குரலில் கோபம் இல்லை.

"ஒனக்கு நான் அழுது முடிச்சிட்டேன்டா. இன்னொரு வாட்டி என்னால ஆகாது. அதனால நான் போன பொறகுதான் நீ போகணும். சரின்னு சொல்லு."

எத்தனையோ மேடையில், யார் யாரோ எழுதிய வசனத்தை நெஞ்சறியாமல் பேசியவன் நான். இந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. சரி என்றால், அவள் முதலில் சாகட்டும் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவளோ என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.